பாதுகைப் பூவும் பதர் விதையும்

இரு வேறு ஜாதிச் செடிகளைக் கலந்து மூன்றாவதொரு புதுச் செடியை உண்டாக்க முயல்பவருக்கு இயற்கை இடும் தடை பெரும்பாலும் தொடக்கத்திலேயே எதிர்ப்படும். அன்னிய மகரந்தத்தைச் சூல்முடி ஏற்காமல் தள்ளிவிடுவதும், ஏற்றாலும் பூ காம்போடு உதிர்ந்துவிடுவதும், காய் பிடித்தாலும் அது பிஞ்சிலேயே வெம்பிப் போவதும் தோட்டக்கலையில் பழகியவர்கள் அன்றாடம் காண்பவை. பாதுகை ஆர்க்கிட் என்னும் மலர்க்கூட்டத்தில் இந்த நியதி தலைகீழாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில், வேறு வேறு மலைகளில், ஒன்றின் மகரந்தம் மற்றொன்றை ஒருநாளும் எட்ட வழியில்லாமல் வாழ்ந்த இரு ஜாதிகளை ஒரு கண்ணாடிக் கொட்டகைக்குள் கொண்டுவந்து மகரந்தத்தை மாற்றி வைத்தால், அவை பெரும்பாலும் இணங்கிவிடுகின்றன. பிள்ளைகள் பிறக்கின்றன, செழிக்கின்றன, பல சமயம் பெற்றோரைவிட வீரியமாகப் பூக்கவும் பூக்கின்றன. சங்கடம் அதற்கு அடுத்த தலைமுறையில்தான். அந்த அழகிய பிள்ளையை வைத்து மறுபடி கலப்புச் செய்ய முனைந்தால், காய் பருக்கிறது, மாதக்கணக்கில் பசுமையாக நிற்கிறது, முற்றி வெடிக்கும்போது உள்ளே இருப்பது வெறும் பதர்.

இந்தப் பூவின் அமைப்பே விசித்திரமானது. இதழ்களுள் ஒன்று குவிந்து பாதுகையின் முன்பகுதியாக, ஒரு சிறு பையாக மாறியிருக்கிறது. மேலே அகன்ற ஒரு புற இதழ் குடையாக நிற்கிறது. நடுவில், மலட்டுக் கேசரம் ஒன்று தகடாக விரிந்து, சூல்முடியையும் இரு மகரந்தப் பைகளையும் மறைத்துக்கொண்டிருக்கிறது. பையின் வழவழப்பான விளிம்பில் உட்கார வந்த பூச்சி உள்ளே விழுகிறது. விழுந்த வழியில் ஏற முடியாமல், பின்பக்கத்துக் குறுகிய சந்து வழியாக வெளியேறும்போது முதலில் சூல்முடியையும் பிறகு மகரந்தத்தையும் உரசிக்கொண்டே போயாக வேண்டும். உழைப்புக்குக் கூலியாகத் தேன்துளி எதுவும் கிடையாது. போர்னியோவின் கினபாலு மலையில் வளரும் ராத்ஸ்சைல்டியானம் என்னும் ஜாதி இந்த வஞ்சகத்தில் ஒரு படி மேலே போய், தன் நடுத் தகட்டை அசுவினிக் கூட்டம் மொய்த்திருப்பதாகத் தோன்றும்படி மயிரும் புள்ளியுமாக அலங்கரித்து வைத்திருக்கிறது. அசுவினியைத் தின்று வளரும் புழுக்களை ஈனும் ஒரு வகை ஈ, தன் குஞ்சுகளுக்கு உணவு இருக்கிறதென்று நம்பி அங்கே முட்டையிட வந்து பைக்குள் விழுகிறது. பாதுகை ஆர்க்கிட்டுகள் ஐந்து பேரினங்களாகப் பிரிந்திருந்தாலும், தென்னிந்தியாவிலும் இமயச்சாரலிலும் தொடங்கி சாலமன் தீவுகள் வரை பரவியுள்ள பாபியோபெடிலம் என்னும் பேரினமே கலப்புக் கலைஞர்களின் முக்கியமான களமாதலால், அதைப் பற்றியே பெரிதும் பேசுவோம்.

இக்கலையின் பிறப்பிடம் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரம். அங்கே வைட்ச் குடும்பத்தாரின் புகழ்பெற்ற பண்ணையில் ஜான் டாமினி என்ற தோட்டக்காரர் வேலை பார்த்தார். அவ்வூர் அறுவை வைத்தியர் ஜான் ஹாரிஸ், ஆர்க்கிட் பூவில் மகரந்தம் எங்கே இருக்கிறது, அதை எங்கே வைக்க வேண்டும் என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னார். 1856இல் டாமினியின் முதல் ஆர்க்கிட் கலப்பினம் பூத்தது. அது காலாந்தே என்னும் வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது. பாதுகை ஆர்க்கிட்டில் முதல் கலப்பினம் பூத்தது 1869இல். வில்லோசம், பார்பேட்டம் என்னும் இரு ஜாதிகளுக்குப் பிறந்த அந்தச் செடிக்கு, யோசனை சொன்ன வைத்தியரை நினைந்து ஹாரிசியானம் என்று பெயரிட்டார்கள். செடிக்கு உழைத்த தோட்டக்காரரின் பெயரை வைக்காமல் வாய்வார்த்தை சொன்னவரின் பெயரை வைத்தார்களே என்று கேட்கத் தோன்றலாம். காலாந்தே கலப்பினம் டாமினியின் பெயரை ஏற்கெனவே பெற்றுவிட்டபடியால் கணக்கு நேராகிவிட்டது என்றே கொள்ளலாம்.

அக்காலத்தில் கலப்பைவிட விதையை முளைக்க வைப்பதே பெரிய பிரயத்தனமாக இருந்தது. ஆர்க்கிட் விதை தூசியைப் போல நுண்ணியது. நெல்லுக்கும் பயறுக்கும் உள்ளதைப் போல முளைக்கு ஊட்டும் சேமிப்பு அதனுள் இல்லை. இயற்கையில் ஒரு வகைப் பூஞ்சை வந்து சேர்ந்து உணவளித்தால்தான் அது உயிர்க்கும். காரணம் அறியாமலே, தாய்ச் செடியின் வேர்மூட்டில் விதையைத் தூவினால் சில முளைக்கின்றன என்பதை மட்டும் தோட்டக்காரர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். பிரான்சு தேசத்து நோயல் பெர்னார் இருபதாம் நூற்றாண்டின் வாசலில் பூஞ்சையின் பங்கை விளக்கினார். அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த லூயிஸ் நட்சன், பூஞ்சை இல்லாமலே சர்க்கரையும் உப்புகளும் சேர்ந்த அகார் கூழில், கிருமியற்ற குடுவைக்குள் விதையை முளைக்கச் செய்யலாம் என்று 1922இல் காட்டினார். அதுவரை ஒரு காயிலிருந்து ஐந்தாறு செடிகளைப் பெற்றுத் திருப்தியடைந்தவர்கள், அன்று முதல் நூற்றுக்கணக்கில் பெறலானார்கள். விதை உயிருள்ளதாக இருந்தால் என்பதுதான் நிபந்தனை.

பூவைக் கலக்கும் வேலை பார்க்க எளிது. பையிதழைக் கத்தரித்து எடுத்துவிட்டு, பசையாக ஒட்டும் மகரந்தத்தை ஒரு பல்குத்தும் குச்சியின் நுனியில் எடுத்து, நடுத் தகட்டின் பின்னால் ஒளிந்திருக்கும் சூல்முடியில் தடவிவிட்டால் கைவேலை தீர்ந்தது. பிறகு காத்திருக்க வேண்டும். மகரந்தம் விழும் நாளில் சூலகத்துக்குள் சூல்கள் முழுமையாக உருவாகியே இருப்பதில்லை. மகரந்தம் வந்து சேர்ந்த செய்தியைக் கேட்ட பிறகே அவை உருவாகத் தொடங்குகின்றன. ஆகவே காய் பருப்பதைப் பார்த்துக் கருவுற்றது என்று மகிழ்வது அவசரமாகும், கருவே தங்காத காயும் பருக்கும். காய் முற்ற ஆறு மாதம் முதல் ஏறக்குறைய ஓராண்டு. குடுவைக்குள் ஓரிரண்டு ஆண்டு. தொட்டிக்கு மாறிய பின் பூக்க, எளிய வகைகளுக்கு மூன்று நான்கு ஆண்டுகளும், ஒரே தண்டில் பல பூக்கள் விடும் வகைகளுக்குப் பத்தாண்டும் அதற்கு மேலும். மூன்று தலைமுறைக் கலப்பு என்பது ஒரு மனிதனின் உழைக்கும் ஆயுளை விழுங்கிவிடக் கூடியது. நடுவில் ஒரு தலைமுறை மலடாக நின்றுவிட்டால் ஏற்படும் நஷ்டத்தை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

முதல் தலைமுறை இத்தனை சுலபமாகப் பிறப்பதற்குக் காரணம், இந்த ஜாதிகளைக் காடுகளில் பிரித்து வைத்திருப்பவை மலையும் கடலும், பூக்கும் பருவமும், வந்துபோகும் பூச்சியும்தான்; செடியின் உடலுக்குள் வலுவான மறுப்பு எதுவும் விருத்தியாகவில்லை, அதற்கு அவசியமும் ஏற்படவில்லை. மனிதன் மலையையும் கடலையும் தாண்டிச் செடியைக் கொண்டுவந்து பூச்சியின் வேலையையும் தானே செய்தபோது தடைகள் யாவும் விலகிவிட்டன. ஆனால் பிரிந்து வாழ்ந்த நெடுங்காலத்தில் ஒவ்வொரு ஜாதியின் உயிரணுவுக்குள்ளும் குரோமோசோம்கள் தத்தம் போக்கில் மாறியிருந்தன.

குரோமோசோம்கள் மரபுச் செய்திகளைத் தாங்கும் நுண்ணிழைகள். தாயிடமிருந்து ஒரு தொகுதியும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியுமாக இரண்டிரண்டாக இருப்பவை. மகரந்தமோ சூலோ உண்டாகும்போது தாய்வழி இழை ஒவ்வொன்றும் தன் இணையான தந்தைவழி இழையைத் தேடி அருகில் வந்து, கூடி, பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் பிரிய வேண்டும். பாபியோபெடிலம் ஜாதிகளில் இந்த எண்ணிக்கை 26 முதல் 42 வரை வேறுபடுகிறது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கரசாவா 1979இல் வெளியிட்ட விரிவான ஆய்வு இதில் ஓர் ஒழுங்கைத் தெளிவாக்கியது. 26 உள்ள ஜாதிகளில் ஒவ்வொரு குரோமோசோமும் இரு கைகள் விரிந்த கவட்டையாக இருக்கிறது. எண்ணிக்கை கூடிய ஜாதிகளிலோ சில கவட்டைகள் நடுவில் பிளந்து, ஒவ்வொன்றும் இரண்டு தனிக் குச்சிகளாகியிருக்கின்றன. எண்ணிக்கை உயர்ந்ததேயன்றிச் சரக்கு அவ்வளவாகக் கூடவில்லை. கைகளை எண்ணினால் பல ஜாதிகளில் கணக்கு ஏறக்குறைய 52 என்றே வந்து நிற்கிறது.

ஹாரிசியானத்தையே எடுத்துக்கொள்வோம். தந்தை தாய் இருவருள் வில்லோசத்துக்கு 26, பார்பேட்டத்துக்கு 38. பிள்ளைக்கு ஒருபுறம் 13, மறுபுறம் 19, ஆக 32. வில்லோசம் கொடுத்த பதின்மூன்றும் கவட்டைகள். பார்பேட்டம் கொடுத்த பத்தொன்பதில் கவட்டை ஏழு, குச்சி பன்னிரண்டு. ஏழு கவட்டைகள் ஏழோடு இணை சேர்ந்தால், மிஞ்சும் ஆறு கவட்டைகளில் ஒவ்வொன்றும் இரண்டு குச்சிகளோடு சேர்ந்து மூவர் குழுவாக நிற்க வேண்டும். பிரியும் வேளையில் கவட்டை ஒரு பக்கமும் இரு குச்சிகளும் மறுபக்கமும் போனால் நிறைவான மகரந்தம் பிறக்கும். ஒரு குச்சி வழிதவறிக் கவட்டையோடு போய்விட்டால் ஒரு பக்கத்தில் சரக்கு மிஞ்சும், மறுபக்கத்தில் குறையும், இரண்டு அணுக்களும் வீணாகும். இந்தச் சூதாட்டம் ஒரே சமயத்தில் ஆறு இடங்களில் நடந்து ஆறும் சரியாக விழ வேண்டும். ஆதலால் அச்செடி முழு மலடு என்பதற்கில்லை, அதிலிருந்தும் சந்ததிகள் பிறந்ததுண்டு. ஆனால் காயை உடைத்துப் பார்ப்பவருக்குப் பதரே அதிகம் என்பதில் வியப்பில்லை.

இதே கணக்கை மாடியே என்னும் கலப்பினத்துக்குப் போட்டுப் பார்த்தால், அது ஏன் ஒரு பெரிய வம்சத்துக்கு மூலமாயிற்று என்பது விளங்கும். கால்லோசம் 32, லாரென்சியானம் 36. சார்ல்ஸ்வொர்த் பண்ணையார் இரண்டின் நிறமிழந்த, பச்சையும் வெள்ளையுமான வடிவங்களைக் கலந்து 1900இல் தந்தது மாடியே. இங்கே மூவர் குழுக்கள், நல்ல பொருத்தம் அமைந்தால், இரண்டே இரண்டு. மற்ற யாவும் கவட்டையோடு கவட்டை, குச்சியோடு குச்சி என நேராக இணை சேரக் கூடியவை. நூறாண்டுகளுக்கு மேலாக அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பச்சையிலும் கருஞ்சிவப்பிலும் உலகச் சந்தைகளில் விற்கப்படுகின்றன. வெள்ளையோடு வெள்ளையைக் கலந்ததால் வெள்ளை பிறந்தது என்று இதை எளிதாக நினைத்துவிடக் கூடாது; நிறமிழந்த இரு ஆர்க்கிட்டுகளுக்கு, அவை நிறத்தை இழந்த காரணங்கள் வெவ்வேறாக இருந்தால், முழு நிறத்தோடு குழந்தை பிறந்து பண்ணைக்காரரைத் திகைக்க வைப்பதும் உண்டு.

எண்களே எல்லாவற்றையும் நிர்ணயிக்கும் என்றால் வேலை எத்தனையோ சுலபமாகியிருக்கும். வியட்நாமின் டெலனாட்டி என்னும் இளஞ்சிவப்பு ஜாதிக்கும் 26, கினபாலுவின் ராத்ஸ்சைல்டியானத்துக்கும் 26. ஒன்று சிறிய, உருண்டையான, மென்மையான பூ. மற்றது நீண்ட பக்க இதழ்களைக் கைகளாக விரித்து நிற்கும் ராஜகம்பீரம். இரண்டையும் கலந்தால் என்ன வரும் என்ற ஆசை யாருக்கும் எழும். டெலனாட்டியின் சரித்திரமே ஒரு கதை: இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பிரெஞ்சு ராணுவத்தினர் அனுப்பிய செடிகளில் ஒன்றே ஒன்று வஷரோ–லெகூஃப்லே பண்ணையாரிடம் தங்கியது, அதன் சொந்த மகரந்தத்தாலேயே அதைக் காய்க்க வைத்து அவர்கள் எடுத்த விதைகளிலிருந்து வந்தவையே, 1990களில் வியட்நாமில் அது மறுபடி கண்டுபிடிக்கப்படும்வரை, சாகுபடியில் இருந்த செடிகள் யாவும். தன் வம்சத்துக்குள் இவ்வளவு வளமாகக் காய்த்த அந்தச் செடி, ராத்ஸ்சைல்டியானத்தோடு சேர்ந்தபோது கஞ்சத்தனம் காட்டியது. 1961இல் பதிவான டெல்ரோசி என்னும் அக்கலப்பில் காய்க்குச் சில நாற்றுகள் கிடைத்தாலே பாக்கியம், அவையும் ஆமை வேகத்தில் வளர்பவை. எண்ணிக்கை ஒன்றானாலும் இரண்டும் இப்பேரினத்தின் வெகுதூரப் பங்காளிகள். இழைகளின் பருமனும் அவற்றின் உள்ளடக்கமும் பல யுகங்களாகப் பிரிந்து வந்தவை. டெல்ரோசியைப் பெற்றோராக்கி மேலும் ஒரு தலைமுறை காண்பது இன்னும் அரிது.

மலட்டுத்தன்மைக்கு வேறொரு வாயிலும் உண்டு. அதை விளங்கிக்கொள்ளத் தமிழருக்கு இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை. பூவனும் ரஸ்தாளியும் நேந்திரனும் விதையில்லாமல் பழுப்பதற்குக் காரணம் அவற்றில் குரோமோசோம் தொகுதிகள் இரண்டல்ல, மூன்று. மூன்றை இரண்டாகச் சமமாகப் பிரிக்க இயலாதாகையால் விதை உண்டாவதில்லை. நாம் பக்கக்கன்றை நட்டு வாழையை வாழையடி வாழையாக வளர்க்கிறோம். இதே மும்மடி நிலை பாதுகை ஆர்க்கிட்டிலும் தற்செயலாக நேர்வதுண்டு. அசாம் பக்கத்து இன்சிக்னி ஜாதியில் ‘ஹேர்ஃபீல்ட் ஹால்’ என்ற பெயரோடு பிரசித்தி பெற்ற ஒரு செடி, பூவின் பெருமையால் கண்காட்சிகளில் வியப்பூட்டியது. பிற்காலத்தில் அணுவை ஆராய்ந்தபோது அது மும்மடி என்று தெரிந்தது. மற்ற மும்மடிகளைப் போல அதுவும் எளிதில் காய்க்காது. ஆனாலும் இடைவிடாது முயன்றவர்களுக்குச் சிற்சில நாற்றுகளைத் தந்தது, அப்படித் தந்தவை சாமானியமானவை அல்ல. மலட்டுச் செடியில் சில வேளை குரோமோசோம்கள் பிரியவே பிரியாமல், மொத்தச் சரக்கையும் சுமந்துகொண்டு ஒரு மகரந்தத்தூளோ சூலோ வெளிவந்துவிடும். அதிலிருந்து பிறக்கும் பிள்ளை நான்மடியாக அமையும்போது, ஒவ்வோர் இழைக்கும் தன்னைப் போலவே ஓர் இணை கிடைத்துவிடுவதால் இழந்த கருவளம் திரும்பிவிடுகிறது. குரோமோசோம் என்ற சொல்லையே கேள்விப்படாத பழைய பண்ணைக்காரர்கள், பெரிய பூவையும் கனத்த இதழையும் மட்டும் கண்ணால் பார்த்துப் பொறுக்கி வந்து, தாமறியாமலே நான்மடிகளைப் பொறுக்கியிருந்தார்கள். இன்று வட்டமாக, தட்டளவு பூக்கும் கண்காட்சி வகைகளின் பூர்வீகத்தில் அந்தக் கண்பார்வைக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பதை, ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் போதிய அளவு ஒப்புக்கொள்வதில்லை என்பது என் அபிப்பிராயம்.

தற்செயலுக்குக் காத்திராமல் இந்த இரட்டிப்பைச் செயற்கையாக உண்டாக்கும் வழி 1937இல் தெரியவந்தது. கோல்ச்சிசின் என்னும் நஞ்சு, அணு பிளக்கும் வேளையில் குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நார்களைக் கட்டவிடாமல் தடுப்பதால், இரட்டித்த குரோமோசோம்கள் ஒரே அணுவுக்குள் தங்கிவிடுகின்றன என்று பிளேக்ஸ்லீயும் அவரது சகாக்களும் காட்டினார்கள். இந்த நஞ்சு நம் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கிறது. மூலனூர்ப் பக்கத்திலும் வேதாரண்யத்துப் பக்கத்திலும் குடியானவர்கள் செங்காந்தளைப் பயிரிட்டு விதையை விற்பது இதற்காகத்தான், கீல்வாதத்துக்கு மருந்தாவதும் இதுவே. குடுவையில் முளைவிட்ட நுண்ணிய பச்சை உருண்டைகளை இந்தக் கரைசலில் சில நாள் ஊறவைத்தால் பெரும்பகுதி செத்துவிடும். தப்பிப் பிழைத்தவற்றில் சில நான்மடிகள். அமெரிக்கக் கண்டத்துப் பாதுகை ஆர்க்கிட்டான பிராக்மிபீடியத்தில் இந்த முறை நல்ல பலனைத் தந்தது. 1981இல் பெரு நாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட பெஸ்ஸே என்னும் செந்நிற ஜாதி, அதுவரை பெரும்பாலும் பச்சையும் பழுப்புமாக இருந்த அப்பேரினத்தின் முகத்தையே மாற்றியது. ஜெர்சித் தீவிலுள்ள எரிக் யங் ஆர்க்கிட் நிறுவனத்தார் அதைக் கலந்தும் இரட்டித்தும் பெரிய சிவப்புப் பூக்களை உண்டாக்கினார்கள். நான்மடியால் எல்லாமே லாபம் என்று சொல்வதற்கில்லை. அவற்றின் வளர்ச்சி பெரும்பாலும் மந்தமாக இருக்கும், இருமடியோடு கலந்துவிட்டால் பிறப்பது மும்மடியாகி மறுபடியும் மலட்டில் கொண்டுபோய் நிறுத்தும்.

வேறு ஆர்க்கிட்டுகளில் ஒரு செடி மலடாக இருந்தால் வியாபாரிக்கு அதிக நஷ்டமில்லை. பிரான்சில் ஜார்ஜ் மோரல் 1960 வாக்கில் காட்டிய முறையில், தளிர் நுனியிலிருந்து ஒரு கடுகளவு திசுவை வெட்டிக் குடுவையில் வளர்த்து, ஒரே செடியை ஆயிரமாகப் பெருக்கிவிடலாம்; கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பெலனாப்ஸிஸும் குடுவைத் திசு வளர்ப்பால் பெருகியதுதான். பாபியோபெடிலமோ இந்த வித்தைக்கு எளிதில் இணங்குவதில்லை. வளர்ந்த செடியின் திசு குடுவையில் கறுத்துப் போகிறது, அல்லது கிருமி பற்றுகிறது, வணிக அளவில் அது கைகூடவில்லை. ஆகவே சிறந்த ஒரு செடி மலடாகிவிட்டால், அதைப் பெருக்க எஞ்சும் ஒரே வழி பக்கக்கன்றைப் பிரித்து வைப்பது. ஆண்டுக்கொரு கன்று விட்டாலே அது தாராளம். ஹேர்ஃபீல்ட் ஹாலைப் போன்ற பழைய செடிகள் இப்படியே கைமாறிக் கைமாறி இன்றும் உயிரோடிருக்கின்றன. வளர்ப்பவர் பலர் இறந்தும் தொட்டியில் இருப்பது அதே பழைய செடிதான்.

கலப்பினங்கள் மலடாகும்போதெல்லாம் பண்ணைக்காரர் திரும்பவும் மூல ஜாதிகளிடமே போக வேண்டியிருக்கிறது. அதனால் காடுகளுக்கு நேர்ந்த கேடு சிறிதன்று. ஃபேரியானம் என்னும் சிறு ஜாதி 1857இல் இங்கிலாந்தில் பூத்துப் பிறகு சாகுபடியிலிருந்து மறைந்தபோது, அதை மீண்டும் கொண்டுவருபவருக்கு சாண்டர் என்னும் ஆர்க்கிட் வியாபாரி 1000 பவுன் பரிசு அறிவித்தார். 1905 வாக்கில் பூட்டான் பக்கத்தில் அது அகப்பட்டதும் மூட்டை மூட்டையாகச் செடிகள் கப்பலேறின. தென்னிந்தியாவுக்கென்று இருக்கும் ஒரே பாதுகை ஆர்க்கிட்டான துருரியின் நிலை இதைவிட வருந்தத்தக்கது. 1865இல் கர்னல் ட்ரூரி திருவிதாங்கூர் மலைகளில் கண்ட அந்த மஞ்சள் பூ, இதழ்களின் நடுவே கருஞ்செம்பட்டைக் கோடு ஓட, அகத்தியமலைப் பகுதியில் மட்டுமே வளர்வது. அதன் நெருங்கிய உறவினர்கள் வடகிழக்கு இந்தியாவிலும் பர்மாவிலும் இருக்க, இது மட்டும் இவ்வளவு தெற்கே தனித்து, 30 குரோமோசோம்களோடு நிற்கிறது. சேகரிப்போரின் ஆசையால் காட்டில் ஏறக்குறைய அழிந்துபோன அந்த ஜாதியை, கேரளத்துப் பாலோட்டிலுள்ள ஜவாஹர்லால் நேரு தாவரவியல் பூங்காவில் குடுவை முறையால் பெருக்கிக் காப்பாற்ற முயன்றிருக்கிறார்கள்.

1990 முதல் ஆசியாவின் பாபியோபெடிலமும் அமெரிக்காவின் பிராக்மிபீடியமும் காட்டிலிருந்து எடுத்து விற்கக் கூடாத செடிகளாக உலக நாடுகளின் உடன்படிக்கையில் சேர்ந்திருக்கின்றன. கிருமியற்ற குடுவையில் முறையாக வளர்த்த நாற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்தச் சட்டத்தைவிட அதிகமாக எனக்கு நம்பிக்கை தருவது, பண்ணைகளில் மெல்ல நடந்துவரும் வேறொரு வேலை: ஜாதியோடு ஜாதியைக் கலக்காமல், ஒரே ஜாதிக்குள் சிறந்த செடிகளைத் தேர்ந்து ஒன்றோடொன்று சேர்த்து, தலைமுறைக்குத் தலைமுறை மேம்படுத்துவது. குரோமோசோம்கள் அங்கே தடுமாறுவதில்லை, காய் நிறைய உயிருள்ள விதை கிடைக்கிறது. கலிபோர்னியாவிலும் தைவானிலும் இவ்வாறு விதையிலிருந்து எழுந்த ராத்ஸ்சைல்டியானச் செடிகள் கினபாலுவில் பறித்தவற்றைவிட அகன்ற பூக்களைத் தருவதோடு, கொட்டகையில் விரைவாகவும் வளர்கின்றன. புதுக் கலப்புக்கு மகரந்தம் வேண்டுபவர்கள் இப்போது அவற்றையே நாடுகிறார்கள்.